மின்மினிப் பொருத்தம்

"உலக மக்களே, குறிப்பாகச் சிங்காநல்லூர் வட்டார மக்களே! மனிதன் கல்லைக் கையிலெடுத்த நாள்முதல் விடை தெரியாமல் தவித்துவந்த மாபெரும் வினா ஒன்று உண்டு. இன்னாரோடு இன்னார் சேர்ந்து வாழ முடியுமா என்பதே அது. அந்த வினாவை இருபத்தெட்டே வரிகளில் அறிவியல் தீர்த்துவைத்துவிட்டது. இதைக் கேட்கும்போது அனைவரும் எழுந்து நிற்கவும். முழங்கால் வலி உள்ளவர்கள் உட்கார்ந்தே கேட்கலாம்."

முனைவர் மாசிலாமணி பொருத்தம் பார்க்கப் போகும் ஒவ்வொரு வீட்டிலும், செருப்பைக் கழற்றியதும் இந்த அறிவிப்பை வாசிப்பார். முழங்கால் வாக்கியம் மட்டும் அண்மையில் சேர்ந்தது.

இருபத்தெட்டு வரிகள் ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒருபக்கச் சட்டத்தைப் பற்றித் தெரிய வேண்டும். நாட்டில் எல்லா முடிவுகளையும் பெரிய பெரிய எந்திர மூளைகள் எடுத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றில் ஒன்று ஒருநாள் ஒரு தாலுகா முழுவதையும் இறந்தவர்கள் கணக்கில் சேர்த்துவிட்டது. ஏன் சேர்த்தது என்று அதைச் செய்தவர்களுக்கே தெரியவில்லை. இறந்துபோன தாலுகா சாலை மறியலில் இறங்கியது. அரசு பயந்துபோய்ச் சட்டம் கொண்டுவந்தது: மனிதர்களின் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் எந்தக் கணினி நிரலும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

உன்னதமான சட்டம்தான். ஆனால் ஒரு பக்கத்துக்குள் அடங்கும் நிரல்களை எழுதிவைத்திருந்தவர்கள் உலகத்தில் ஒரே ஒரு கூட்டத்தார். திரையில் வட்டம் வரைந்து, அதற்கு வால் முளைக்கவைத்து, வால் நிறம் மாறுவதைப் பார்த்துத் தமக்குத் தாமே கைதட்டிக்கொள்ளும் பொழுதுபோக்காளர்கள். அவர்கள் இணையத்தில் சும்மா போட்டுவைத்திருந்த விளையாட்டுகளை அரசு வாரிக்கொண்டு வந்தது. 'குதிக்கும் பந்து' பள்ளிச் சேர்க்கையைக் கவனித்தது. 'பனித்தூறல்' ஆஸ்பத்திரி வரிசையைக் கவனித்தது. 'கிளைவிடும் மரம்' பேருந்துத் தடங்களை வகுத்தது. அன்றுமுதல் கிளம்பிப் போன பேருந்து திரும்பி வருவதில்லை.

யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் ஒருவரும் படிக்கவில்லை. வேறு யாராவது படித்திருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

கல்யாணப் பொருத்தத்துக்கு வாய்த்தது 'இரண்டு மின்மினிகள்'. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, ஓர் ஆரஞ்சுப் புள்ளி. வெள்ளை பெண்; ஆரஞ்சு மாப்பிள்ளை. இரண்டும் நடுவில் சந்தித்துச் சுற்றிச் சுற்றி வந்தால் பொருத்தம். இல்லையென்றால் இல்லை. பொருத்தச் சான்றிதழ் இல்லாமல் எந்த மண்டபத்திலும் தேதி கிடைக்காது. சமையல்காரர்கூட அட்வான்ஸ் வாங்க மாட்டார்.

அன்றைக்குச் சண்முகசுந்தரம் வீட்டுக் கூடத்தில் பொருத்தம். சண்முகசுந்தரம் பம்புசெட் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். பெண், அவர் மகள் சம்யுக்தா. மாப்பிள்ளை நவநீதன், மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறவன். இருவரும் ஏற்கெனவே ஒருவரையொருவர் முடிவு செய்துகொண்டவர்கள்தான். நவநீதனின் தாயார் சௌந்தரம், "எல்லாஞ் செரி, புள்ளி மட்டும் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தார்.

மாசிலாமணி தம்முடைய கணினிப் பெட்டியை மரப்பலகையில் வைத்து, கூடத்துச் சுவரில் தொங்கிய பெரிய திரையோடு இணைத்தார். பெயர்களையும் பிறந்த தேதிகளையும் தட்டினார். ஒயர் இல்லாத மௌஸைப் பிடித்து, திரை நடுவே நின்ற அம்பைக் கீழ் வலது மூலைக்கு ஒதுக்கிவிட்டார். பிறகு, யாருடைய கையும் முடிவைத் தொட்டுவிடக் கூடாது என்று மௌஸைப் பட்டுத்துணியால் மூடி மஞ்சள் கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றினார். இருபத்தெட்டு வரிகளையும் ராகத்தோடு ஓதினார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

விசையைத் தட்டினார்.

ஆரஞ்சுப் புள்ளி கிளம்பியது. இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமானவன்போல் நேராகக் கீழ் வலது மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. வெள்ளை நடுத்திரையில் தனியாக அலைந்தது.

"ஒதுங்கல் தோஷம்," என்றார் மாசிலாமணி. "சந்தேகமே இல்லீங்க. பொண்ணைக் கண்டதும் மாப்ளை மூலையில போய் உக்காந்துக்கறாரு. குத்தம் பொண்ணு பக்கம்."

"மூலைக்குப் போனது அவரு, குத்தம் எனக்குங்களா?" என்றாள் சம்யுக்தா.

"ஒதுங்க வெச்சது யாருங்க அம்மணி?"

"சரி, பொண்ணுப் புள்ளி மூலைக்குப் போனா?"

"அப்பவும் பொண்ணுதானுங்க. சபையில நிக்கத் தெரியலைன்னு அர்த்தம்."

சம்யுக்தா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "சார், நீங்க மௌஸ் அம்பை எதுக்கு மூலைக்குத் தள்ளுனீங்க?"

"நடுத்திரையில அம்பு நின்னா அசிங்கமா இருக்குமுங்களே. நான் சுத்தம் பாக்கறவன்."

"அந்த ஆரஞ்சு மின்மினி அம்பைத் தேடித்தாங்க போகும். வேற ஒண்ணுமே அதுக்குத் தெரியாது. வெள்ளை சும்மா சுத்தும், ஆரஞ்சு பக்கத்துல வந்தா ஒட்டிக்கும். ஓட ஆரம்பிச்சதும் அம்பு கண்ணுக்குத் தெரியாம மறைஞ்சுக்கும். பாக்க அழகா இருக்கட்டும்னு அப்படி வெச்சேன். பேரும் தேதியும் தலைப்புல எழுதறதுக்கு மட்டும்தான். கணக்குல அது சேரவே சேராது."

"வெச்சேன்னா?" என்றார் மாசிலாமணி. "யாரு வெச்சா?"

"மொத வரியில என்னங்க எழுதியிருக்கு?"

"'ஆக்கம்: கம்மங்கூழ்'." மாசிலாமணி கண்களை மூடிக்கொண்டார். "மகான்."

"நாந்தாங்க கம்மங்கூழ்."

கூடத்தில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ தும்மினார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"அம்மணி," என்றார் மாசிலாமணி, குழந்தையிடம் பேசுவதுபோல, "எங்க சங்கத்துல கம்மங்கூழாரோட படம் மாட்டியிருக்கறோமுங்க. இடுப்பு வரைக்கும் தாடி. உங்களுக்கு எங்கீங்க தாடி?"

"காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸுல புரோட்டாவுக்கு வரிசையில நிக்கறப்ப எழுதுனதுங்க அது. வரிசை நகரலை, நான் எழுதிட்டேன். புரோட்டா சீக்கிரம் வந்திருந்தா உங்களுக்கு இந்தத் தொழிலே இல்லீங்க."

"செரி, நீங்களே எழுதுனதாவே இருக்கட்டும். எழுதுனவங்களுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கோணும்னு சட்டத்துல எங்கீங்க சொல்லியிருக்குது?"

கூட்டம் தலையாட்டியது. நியாயமான வாதமாகத்தான் பட்டது.

அப்போது சௌந்தரம் மெல்லக் கேட்டார். "என்ற மக இந்துமதிக்கும் நீங்கதானுங்களே பாத்தீங்க?"

"ஆமாங்க. நாலு வரனுக்கும் நாந்தான்."

"நாலும் மூலைக்குத்தான் போச்சு."

"கறாரா பாக்கறவனுங்க நான். ஊருக்கே தெரியும்."

சௌந்தரம் கையிலிருந்த ஒப்புட்டுப் போளித் தட்டைக் கீழே வைத்தார். இந்துமதி நான்காவது மூலைக்குப் பிறகு ஓசூருக்கு வேலைக்குப் போனவள். பொங்கலுக்கும் வருவதில்லை. போனில் தாயிடம் மழை பெய்கிறதா என்று மட்டும் கேட்பாள்.

ஆனால் கூடம் நிறைய உறவுக்காரர்கள் இருந்தார்கள். சௌந்தரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "ஒறம்பரை சனத்துக்கு நான் பதில் சொல்லோணுமுங்களே அண்ணா," என்று சண்முகசுந்தரத்திடம் சொல்லிவிட்டு எழுந்தார். "புள்ளி சேரட்டும். அப்பறம் பேசிக்கலாம்."

மாசிலாமணி பெருந்தன்மையோடு ஒரு மறுபொருத்தம் அனுமதித்தார். பரிகாரம், பெண் ஒரு மண்டலம் ஆரஞ்சு நிறத்திலேயே உடுத்த வேண்டும். மறுபொருத்தமும் தவறினால் இந்த இரண்டு பேருக்கும் இனி யாரும் பொருத்தம் பார்க்க முடியாது. பதிவேட்டில் 'முடிந்தது' என்று ஏறிவிடும்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் வாசுகி பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். வாசுகி, சம்யுக்தாவின் அண்ணன் சிபியின் மனைவி. சிபி எப்போதும் செல்போனில் கிரிக்கெட் பார்ப்பவன். சாப்பிடும்போது பார்ப்பான், யாராவது அழும்போதும் பார்ப்பான்.

"சம்யு, நீ சொன்னது நெசமா?"

"நெசந்தான் அண்ணி."

"அப்ப எங்களுக்கு எப்படிச் சேந்துச்சு? நடுத்திரையில சுத்துச்சே, சுத்து சுத்துன்னு."

"உங்களுக்கு யாரு பாத்தது?"

"ராசியான கைன்னு பேர் வாங்குனவரு. சூலூர்க்காரரு. அவரு பாத்து சேராத சோடியே இல்லை."

"பெட்டியை ஆன் பண்ணுனா அம்பு தானா நடுவுல வந்து நிக்கும் அண்ணி. சோம்பேறியா இருந்து அதை நகத்தாம விட்டா எல்லா ஜோடியும் சேரும். ராசியான கைன்னு பேர் வந்துரும். இவரு சுத்தம் பாக்கறாரு, அதனால கறாரு."

வாசுகி ஒரு கரண்டியைக் கழுவி முடித்து, அதையே மறுபடி கழுவினாள். கூடத்தில் சிபி, "போச்சு, அவுட்டு!" என்று கத்தினான்.

"இத்தனை வருசமா," என்றாள் வாசுகி, "கோவம் வர்றப்பெல்லாம் புள்ளிதான் சேந்துச்சே, நமக்குத்தான் புரியலைன்னு சமாதானம் பண்ணிக்குவேன். இனிமே கோவம் வந்தா நானாத்தான் ரோசிக்கோணும் போல."

"அண்ணி..."

"நீ எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடறே? நீ புரோட்டாவுக்குத்தானே நின்னே."

ஒரு வாரம் கழித்துப் பேக்கரியில் தேங்காய் பன்னும் டீயுமாக நவநீதன் உட்கார்ந்திருந்தான். சம்யுக்தா ஆரஞ்சுச் சுடிதாரில் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கேஸ் சிலிண்டர் எப்பங்க வரும்?" என்றான், சிலிண்டர் போடுகிறவர் சீருடையைப் போன்ற அந்த நிறத்தைப் பார்த்து.

"ஆபீஸ்ல எல்லாரும் அதையே கேட்டுட்டாங்க. நீ புதுசா எதாச்சும் கேளு."

"சரி, கேக்கறேன். அந்த ஆரஞ்சு எதுக்கு அம்பு பின்னாடி ஓடோணும்? நேரா வெள்ளை பின்னாடியே ஓடற மாதிரி எழுதியிருந்தா இந்த வம்பே இல்லையே."

"அப்ப உன்னைத் தெரியாதே."

அவன் பன்னைப் பிய்த்துப் பாதியை அவளிடம் நீட்டினான். "பேசாம ரிஜிஸ்டர் ஆபீஸ் போயிரலாமா?"

"உங்கம்மா?"

இந்துமதி போன வீட்டிலிருந்து அவனும் போய்விட்டால் அந்த வீட்டில் சௌந்தரமும் ஒரு மிக்ஸியும்தான்.

"அப்ப அந்தத் துணிக்கு மேல கையை வெச்சு ஒரு தள்ளு தள்ளிட்டா?"

"வேண்டாம்," என்றாள் சம்யுக்தா உறுதியாக. "தப்பான ஒண்ணுல திருட்டுத்தனமா ஜெயிச்சா அது சரின்னு ஆயிரும். அடுத்து வர்ற பொண்ணுக்கும் மூலைதான். நான் பொருத்த ஆணையத்துக்கு எழுதியிருக்கேன்."

"பதில் வந்துச்சா?"

"வந்துச்சு. கம்மங்கூழாரைப் பத்தி அவதூறு பேசறது குற்றமாம்."

மறுபொருத்தத்துக்கு முதல்முறையைவிடக் கூட்டம். தோற்றால் நன்றாக இருக்கும் என்று சிலர் சீக்கிரமே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாசிலாமணி அறிவிப்பை வாசித்தார். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்தே கேட்டார்கள். நல்ல நேரம் வரும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்று சுவர்த்திரைக்கு ஒரு சீலையைத் தொங்கவிட்டு, அவர் பெட்டியை முடுக்கினார். சீலையை ஓரமாக விலக்கிப் பார்த்துக்கொண்டே மௌஸை இரண்டு மூன்று முறை பலகையில் தேய்த்தார். சபையைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். "இன்னைக்கு நாள் ரொம்ப நல்லா இருக்குதுங்க," என்று சொல்லி அவசரமாகப் பட்டுத்துணியைப் போட்டு மூடிக் கயிற்றைச் சுற்றினார். பிறகு காப்பி குடிக்கப் பந்தலுக்குப் போனார்.

பலகைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

சண்முகசுந்தரம் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல் அங்கே வந்தார். அறிவியலில் அவருக்கு முழு நம்பிக்கை உண்டு. மகள் சொன்னதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஒரு மனத்திருப்திக்காகப் பட்டுத்துணியின் மேல் கையை வைத்து, மேலே இடப்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அவர் போனதும் சௌந்தரம் வந்தார். பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். துணிக்கும் வைத்தார். வைக்கும்போதே ஒரு தள்ளு. "இந்துவுக்கு யாரும் தள்ளலையே கண்ணு," என்று பெட்டியிடம் முணுமுணுத்தார்.

வாசுகி ஒப்புட்டுத் தட்டோடு அந்தப் பக்கமாகப் போனவள், காலில் எதுவோ தடுக்கியதுபோல் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது பலகையை அல்ல.

நவநீதன் பெட்டியிலிருந்து திரைக்குப் போகும் ஒயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். மோட்டார்க்காரன் ஒயரைப் பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியாகச் சம்யுக்தா வந்தாள். திருட்டுத்தனமாக ஜெயிப்பது தப்பு என்று பேக்கரியில் சொன்னபோது அவள் மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். இப்போது வாசல் வழியாகப் பந்தலைப் பார்த்தாள். நவநீதன் தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அடுத்து வரும் பெண்ணைப் பற்றி அடுத்த வாரம் கவலைப்படலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கையை வைத்தாள், தள்ளினாள்.

கையை எடுத்த பிறகுதான் துணியைப் பார்த்தாள். கயிறு தளர்ந்து கிடந்தது. பட்டின் மேல் ஒரு குங்குமக் கைத்தடம். ஓரத்தில் திருநீறு. நடுவில் ஒப்புட்டு நெய் பளபளத்தது. பக்கத்தில் மோட்டார் வார்னிஷ் கறுப்பாக ஒரு கோடு.

எல்லோரும் தள்ளியிருக்கிறார்கள். ஒருவர் தள்ளியிருந்தால் அம்பு நடுவுக்கு வந்திருக்கும். இத்தனை பேர் தள்ளினால் நடுவைத் தாண்டி எதிர் மூலைக்கே போயிருக்கும். அந்த மூலையும் மூலைதான். கீழே இழுத்துவிடலாம் என்று கையை நீட்டினாள்.

"அம்மணி!" என்றார் மாசிலாமணி பின்னாலிருந்து. "தள்ளி நில்லுங்க. நேரம் வந்துருச்சு."

சீலை விலகியது. இருபத்தெட்டு வரிகளும் ராகத்தோடு ஓடி முடிந்தன. சம்யுக்தா கண்களை மூடிக்கொண்டாள். அந்த இருபத்தெட்டு வரிகளில் ஏதாவது ஒன்றையாவது அன்றைக்கு ஹாஸ்டலில் தப்பாக எழுதியிருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல்முறையாக ஏங்கினாள்.

விசை தட்டும் ஓசை கேட்டது. கூட்டம் மூச்சை இழுத்தது.

"சம்யு," என்றது நவநீதனின் குரல், மெதுவாக. "பாரு."

ஆரஞ்சுப் புள்ளி அவசரமே இல்லாமல், அளந்து வைத்ததுபோல் திரையின் நட்டநடுவில் வந்து நின்றிருந்தது. வெள்ளை அதைக் கண்டது. ஒட்டிக்கொண்டது. இரண்டும் சுற்றின, சுற்றின, சுற்றிக்கொண்டே இருந்தன.

"பரிகாரம் வேலை செஞ்சிருச்சுங்க," என்றார் மாசிலாமணி. முன்வரிசைக்காரர்கள் ஏமாற்றத்தோடு கைதட்டினார்கள். சண்முகசுந்தரமும் சௌந்தரமும் வாசுகியும் நவநீதனும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு, காரியம் தன்னால்தான் நடந்தது என்ற அடக்கமான புன்னகையோடு நின்றார்கள்.

சௌந்தரம் முதலில் வெளியே போனார். வேப்பமரத்தடியில் நின்று போனைக் காதில் வைத்தார். "இந்து, மழையெல்லாம் பேயலை கண்ணு. கேளு. அந்தப் புள்ளி சமாச்சாரம் மொத்தமும் பொய்யாமா. உன்ற மேல ஒரு குத்தமும் இல்லை சாமி. எனக்குத்தான் அன்னைக்குத் தள்ளத் தெரியலை. வீட்டுக்கு வா."

கல்யாணத்துக்கு இந்துமதி வந்தாள். வந்ததிலிருந்து மழையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றித் தாயோடு சண்டை போட்டாள். சௌந்தரம் ஒவ்வொரு சண்டையையும் ரசித்துப் போட்டார். வாசுகி, முகூர்த்தம் முடியும்வரை சிபியின் செல்போனைத் தன் பையில் வைத்துக்கொண்டாள். கொடுக்கச் சொல்லிக் கேட்டவனிடம், "புள்ளி கிட்டக் கேட்டுட்டுச் சொல்றேன்," என்றாள்.

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எல்லா உண்மைகளும் வெளிவந்தன. நவநீதன் தான் தள்ளியதைச் சொன்னான்; உடனே சண்முகசுந்தரம் சொன்னார்; சௌந்தரம் சொன்னார்; பரிமாறிக்கொண்டிருந்த வாசுகி கரண்டியோடு நின்று சொன்னாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சம்யுக்தா மட்டும் சிரிப்பை நடுவில் நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்து தன்னுடைய கணினியில் சோதித்துப் பார்த்தாள். அம்பை மூலையில் வைத்து, துணியைப் போட்டு, ஐந்து முறை தள்ளினாள். எதிர் மூலை. நவநீதனை, மாமியாரை, அண்ணியை, அப்பாவை வரவழைத்து வரிசையாகத் தள்ளச் சொன்னாள். எதிர் மூலை. எத்தனை தடவை செய்தாலும் எதிர் மூலை. அன்றைக்கு மட்டும் எப்படி நட்டநடு?

அவள் கணக்குத் தெரிந்தவள். அந்த இருபத்தெட்டு வரிகளில் எதுவுமே இல்லை என்பது அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஐந்து பேர் ஐந்து அளவில் தள்ளியும், நூல் பிடித்ததுபோல் நடுவில் வந்து நின்ற அந்தப் புள்ளியை அவளால் மறக்க முடியவில்லை. மனிதர்களின் ஆசைக்கு அப்பால் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறதோ? ஒரு மின்மினி தன்னை எழுதியவளுக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருக்குமோ?

ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் பார்க்காத நேரத்தில், கம்மங்கூழ் தன்னுடைய கணினிக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டும் நின்றாள்.

மறுபொருத்தத்தன்று மாசிலாமணி தேய்த்துத் தேய்த்துப் பார்த்த மௌஸில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.